இடியைத் திருடியது ஷேக்ஸ்பியரா? அடப் போங்கய்யா!

வணக்கம் மக்களே. இன்றைக்குக் காபி டம்ளர் இல்லை, முன்னோட்டம் இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். வயிறு எரிகிறது எனக்கு.

அடுத்து எந்த ஆங்கில மரபுத்தொடரைப் பேசலாம் என்று நம் சேனலில் ஓட்டெடுப்பு வைத்திருந்தேன் இல்லையா? நீங்கள் எல்லோரும் சேர்ந்து 'ஸ்டீல் மை தண்டர்' என்று குத்தித் தள்ளினீர்கள். என் இடியைத் திருடிவிட்டார்கள் என்று அர்த்தம். நமக்கு வரவேண்டிய பேரையும் கவனத்தையும் இன்னொருவர் நடுவில் புகுந்து தட்டிக்கொண்டு போவது. சரி என்று நானும் உட்கார்ந்து படித்தேன், குறிப்பு எடுத்தேன், இதற்கென்றே ஒரு பெரிய தகரம்கூட வாங்கினேன். தகரக் கதைக்கு அப்புறம் வருகிறேன், அது தனியாகப் பேசவேண்டியது.

நேற்றுக் காலையில் போனைத் திறந்தால் இன்னொரு சேனலில் அதே தலைப்பு. பேர் சொல்ல மாட்டேன். கண்டுபிடித்தவர்கள் அங்கே போய்ச் சண்டை போடாதீர்கள், அதில் அவர்களுக்குத்தான் லாபம். இடி வீடியோவையே ஒருவர் முந்திக்கொண்டு போட்டுவிட்டார், புரிகிறதா? சிரிக்காதீர்கள்.

தலைப்பு என்ன என் பாட்டன் சொத்தா? போடட்டும். ஆனால் போடுகிறவர் ஒழுங்காகப் போடவேண்டாமா? ஜான் டென்னிஸ் என்று ஒரு விஞ்ஞானி இருந்தாராம். அவர் இடி உண்டாக்கும் கருவியைக் கண்டுபிடித்தாராம். ஷேக்ஸ்பியர் அதைத் திருடி 'மேக்பெத்' நாடகத்தில் வைத்துக்கொண்டாராம். கூடவே கணினியில் வரைந்த ஒரு படம், பொய்முடி வைத்த ஆள் ஒருவர் மின்னல் பறக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். அதற்குப் பார்வையாளர்கள் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. பார்த்தேன், சொல்ல மனமில்லை.

ஷேக்ஸ்பியர் இறந்தது 1616. ஜான் டென்னிஸ் பிறந்தது 1650களின் கடைசியில். தான் செத்து நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்துப் பிறந்தவனிடம் ஒரு மனுஷன் எப்படி ஐயா திருடுவார்? இறப்புத் தேதியைத் தேடினால் கூகுள் முதல் வரியிலேயே காட்டும். அதைக்கூடவா பார்க்க முடியாது?

சரி, மூச்சு விட்டுக்கொள்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஜான் டென்னிஸ் விஞ்ஞானியே இல்லை. லண்டன்காரர். குதிரைச் சேணம் செய்கிறவரின் மகன், கேம்பிரிட்ஜில் படித்தவர். தொழில் எழுத்து. நாடகம் எழுதுவார், கவிதை எழுதுவார், அதைவிட அதிகமாக மற்றவர்கள் எழுதியதைக் கிழித்துத் தொங்கவிடுவார். விமரிசகர் என்றால் அந்தக் காலத்தில் அவரைத்தான் சொல்வார்கள். 1709 பிப்ரவரியில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் அவருடைய சோக நாடகம் ஒன்று மேடையேறியது. பெயர் 'ஏப்பியஸ் அண்ட் வர்ஜீனியா'. பழைய ரோமாபுரிக் கதை. ஏப்பியஸ் என்கிற அதிகாரி வர்ஜீனியா என்ற பெண்ணின் மேல் கண் வைத்து, அவளை அடிமை என்று பொய் வழக்கு ஜோடித்து இழுக்கப் பார்க்கிறான். வேறு வழி தெரியாத அப்பாவே மகளைக் குத்திக் கொன்றுவிடுகிறார். கனமான கதைதான். ஆனால் நாடகம் நாலே நாளில் மண்ணைக் கவ்வியது.

நாலு நாள் என்றால் அந்த ஊர்க் கணக்கில் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். நாடக ஆசிரியருக்குச் சம்பளம் என்று தனியாக எதுவும் கிடையாது. மூன்றாம் நாள் வசூல் செலவு போக அவருக்கு. ஆறாம் நாள் வரை ஓடினால் அந்த வசூலும் அவருக்கு. நாலாம் நாளோடு நின்றுவிட்டதால் டென்னிஸ் கைக்கு வந்தது ஒரே ஒரு ராத்திரி வசூல்தான்.

இந்த நாடகத்துக்காக அவர் மேடையில் இடி முழக்கம் உண்டாக்க ஒரு புது முறையைக் கொண்டுவந்தார் என்பதுதான் கதையின் மையம். நாடகம் போனது, இடி நன்றாக இருந்தது. அரங்கத்துக்காரர்கள் நாடகத்தைத் தூக்கிவிட்டு இடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது தகரம்.

மேடையில் இடி எப்படிச் செய்வது என்று வாயால் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது, செய்து காட்டு என்பீர்கள், அது எனக்குத் தெரியும். ஒரு பெரிய தகர ஷீட்டைத் தொங்கவிட்டு அடியைப் பிடித்து ஆட்டினால் இடிச் சத்தம் வரும். இது இன்றைக்கும் நாடகக்காரர்கள் செய்கிற வேலை. ரேடியோ நாடகம் கேட்டு வளர்ந்தவர்களே, நீங்கள் போர்வைக்குள் நடுங்கிய இடியில் பாதி தகரம்தான். அதனால் இரும்புக் கடைக்குப் போனேன். ஆறடிக்கு மூன்றடி, மெல்லிசான ஜி.ஐ. ஷீட் ஒன்று வேண்டும் என்றேன்.

கடைக்காரர், "எதுக்கும்மா, கோழிக்கூண்டுக்கா?" என்றார்.

"இல்லைண்ணே, இடிக்கு" என்றேன்.

"எதை இடிக்க?"

அவர் சிரிக்கவே இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எடை போட்டுவிட்டார். கிலோ கணக்கு. 520 ரூபாய் என்றார். பழைய பார்வையாளர்களுக்குத் தெரியும், நான் பேரம் பேசாமல் கொத்தமல்லிக் கட்டுகூட வாங்க மாட்டேன். 400 என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஆளுக்கு ஆணி நிறுக்கப் போய்விட்டார். நான் நகரவில்லை. திரும்பி வந்து 480 என்றார். கடைசியில் 460க்கு முடிந்தது. முடிந்தது என்று நினைத்தால், ஓரம் மடக்காமல் எடுத்துப் போனால் கையை வெட்டும், மடக்க 40 ரூபாய் என்றார். ஆக மறுபடி 500. இதற்குத்தானா இத்தனை பாடு?

அதைவிடக் கொடுமை வண்டி. வாசலில் நின்ற குட்டியானை அண்ணன் வீடு வரைக்கும் 300 என்றார். தகரம் 460, தகரத்துக்கு டிக்கெட் 300! என்னால் தாங்க முடியவில்லை. ஷீட் மெல்லிசு என்பதால் அதைப் பாய் மாதிரி சுருட்டி, இரண்டு இடத்தில் கயிறு போட்டுக் கட்டி, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் நிற்கவைத்து ஓட்டி வந்தேன். முன்னால் பாதி ரோடுதான் தெரிந்தது. சிக்னலில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த 300 ரூபாய் மிச்சம், அதை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது. நீங்கள் யாரும் இப்படி வண்டி ஓட்டாதீர்கள், சொல்லிவிட்டேன்.

இதோ பாருங்கள், மாடியில் துணி காயப்போடுகிற கம்பியில் தொங்குகிறது. மேலே இரண்டு ஓட்டை, கீழே பிடிக்க ஒரு கட்டை. மெதுவாக ஆட்டுகிறேன், தூரத்தில் எங்கோ உறுமுகிற மாதிரி வருகிறதா? இப்போது வெடுக்கென்று ஒரு இழுப்பு.

(இடிச் சத்தம்)

ஹெட்போன் போட்டவர்கள் மன்னிக்கவும். இதைக் காலையில் சும்மா சோதித்துப் பார்த்தபோது கீழ்வீட்டு அக்கா மூச்சு வாங்க மாடிக்கு ஓடி வந்தார், காயப்போட்ட மோர் மிளகாயை அள்ள. வானம் பளிச்சென்று இருக்கிறது, கையில் முறத்தோடு என்னையும் தகரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். 500 ரூபாய்க்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? சேனல் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வந்த ஆகச் சிறந்த விமரிசனம் இதுதான்.

ஆனால் ஒன்று. டென்னிஸ் பெயரோடு வைத்துப் பேசப்படுகிற இடி தகர இடி இல்லை. இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை என்பதுதான் என் எரிச்சலின் இரண்டாம் பாகம்.

இதற்குச் சாட்சி சொல்கிறவர் டென்னிஸின் பரம எதிரி, கவிஞர் அலெக்சாண்டர் போப். 'டன்சியட்' என்று ஒரு நீண்ட நையாண்டிக் கவிதை எழுதினார், ஊரில் தனக்குப் பிடிக்காத எழுத்தாளர்களை எல்லாம் ஒரே பந்தலில் உட்காரவைத்துக் குத்துகிற கவிதை. அதில், கடுகுக் கிண்ணத்தில் உருளும் இடியால் ஆன்மாவை உலுக்குங்கள் என்று கிண்டலாக ஒரு வரி. 1729 பதிப்பில் அதற்கு அடிக்குறிப்பும் உண்டு. அதன் சாரத்தைச் சொல்கிறேன்: பழைய முறையில் இடி உண்டாக்குவதும் கடுகு அரைப்பதும் ஒரே வேலைதான். இப்போது தடுப்புகள் வைத்த மரத் தொட்டிகளில் அதை இன்னும் நன்றாகச் செய்கிறார்கள். அந்த முன்னேற்றத்தைக் கண்டுபிடித்தவர் டென்னிஸ்தானா என்று தெரியவில்லை. ஆனால் ஒரு புது ஆசிரியரின் சோக நாடகத்துக்குப் போயிருந்தபோது இடி முழங்கியதும், "அது என் இடி!" என்று அவர் ஆத்திரத்தில் கத்தியது மட்டும் நிச்சயம்.

கடுகு எங்கே வந்தது என்கிறீர்களா? கிண்ணத்தில் கடுகைப் போட்டு ஒரு கனமான குண்டை உருட்டி உருட்டி அரைப்பார்கள். அதே கிண்ணம், அதே குண்டு, கடுகு மட்டும் இல்லாமல் உருட்டினால் மேடைக்கு இடி. மரத் தொட்டி என்பது இதற்கு அடுத்த படி. நீளமான மரத் தடத்தைச் சரிவாக வைத்து, நடுநடுவே தடுப்பு அடித்து, இரும்புக் குண்டுகளை உருட்டிவிடுவார்கள். நம் டவுன் பஸ் வேகத்தடை வேகத்தடையாக ஏறி இறங்குவதுபோல குண்டு தடதடவென்று போகும். தகரம் தருவது வெடிக்கிற இடி. மரத் தொட்டி தருவது தலைக்கு மேல் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு உருண்டு ஓடுகிற இடி. நிஜ இடியில் இரண்டுமே உண்டு. எனக்கு உருளுகிற இடிதான் பிடிக்கும், அதில்தான் வயிறு கலங்கும்.

இதை நேரில் பார்க்க ஆசையிருந்தால் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்குப் போகவேண்டும். அங்கே 1766இல் திறந்த தியேட்டர் ராயல், இன்றைக்கு பிரிஸ்டல் ஓல்ட் விக் என்கிறார்கள், அதன் கூரைக்குள் இந்த மரத் தடம் இன்னும் இருக்கிறது. 'தண்டர் ரன்' என்று பெயர். உட்கார்ந்திருக்கிறவர்களின் தலைக்கு மேலேயே குண்டு உருளும். அரங்கத்துக்கு 250 வயது ஆன 2016இல் மறுபடி உருட்டிக் காட்டினார்கள். விசாவும் டிக்கெட்டும் யாராவது எடுத்துக் கொடுங்கள், அடுத்த வ்லாக் அங்கிருந்துதான்.

எங்கே விட்டேன்? ஆமாம், மேக்பெத். போப்பின் குறிப்பில் மேக்பெத் என்ற பேச்சே இல்லை பாருங்கள், யாரோ ஒரு புது ஆசிரியரின் நாடகம் என்றுதான் இருக்கிறது. அந்தக் குறிப்பு வந்தபோது டென்னிஸ் உயிரோடு இருக்கிறார். பிற்பாடு, அதே நூற்றாண்டில் வந்த வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்புகளில்தான் கதைக்கு மெருகு ஏறுகிறது. தன் நாடகம் எடுபடாமல் போன சில நாளில் டென்னிஸ் அதே ஊரில் மேக்பெத் பார்க்க உட்கார்ந்திருக்கிறார். சூனியக்காரிகள் வருகிற நாடகம், இடி இல்லாமல் நடக்காது. இடி முழங்குகிறது. தன் சரக்கு என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது. எழுந்து நின்று, "பாருங்கள் இந்தப் பயல்கள் எனக்குச் செய்கிறதை! என் நாடகத்தை ஓடவிட மாட்டார்கள், என் இடியை மட்டும் திருடுகிறார்கள்!" என்று கத்துகிறார். ஷேக்ஸ்பியர் இந்தக் கதையில் இவ்வளவுதான். நாடகம் அவருடையது, ஆள் போய்ச் சேர்ந்து தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பாருங்கள். அவருக்கு வலித்தது இடி போனதால் மட்டும் இல்லை. நாடகத்தையும் இடியையும் சேர்த்து வீசியிருந்தால் வீட்டுக்குப் போய் நாலு பேரைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பார். நீ எழுதியது வேண்டாம், நீ எழுப்பின சத்தம் மட்டும் போதும் என்றார்கள் பாருங்கள், ஒரு எழுத்தாளனை அதைவிட அவமானப்படுத்த முடியாது. இப்போது நாம் இந்தத் தொடரைச் சொல்லும்போது இந்தப் பாதி கழன்று விழுந்துவிட்டது. என் சொந்தக்காரப் பெண்ணின் வரவேற்பில் மேடை ஏறிய ஒரு நண்பர், மைக்கைப் பிடித்து, தனக்கு அமெரிக்க வேலை கிடைத்ததை அறிவித்துவிட்டு இறங்கினார். மொத்தக் கூட்டமும் அவரைச் சுற்றி. மணப்பெண் முகத்தில் ஈயாடவில்லை. அதைத்தான் இன்றைக்கு இடியைத் திருடுவது என்கிறோம். டென்னிஸுக்கு நடந்தது அதைவிடக் கசப்பு.

வழக்குப் போட்டிருக்கலாமே என்று கமெண்ட்டில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். எழுத்தாளருக்குப் பதிப்புரிமை தருகிற முதல் சட்டம், ராணி ஆன் காலத்துச் சட்டம், பிரிட்டனில் 1710இல் வந்தது. இவர் நாடகம் 1709. வந்த சட்டமும் அச்சடித்த புத்தகத்துக்குத்தான். மரத் தொட்டியில் குண்டு உருட்டுவதற்கு அதில் இடமே இல்லை.

போப்புக்கு வருவோம். இந்த ஆளை எனக்குப் பிடிக்காது, திறமைசாலி என்பது வேறு விஷயம். சண்டையின் ஆரம்பத்தையும் இங்கேயே சொல்லவேண்டும், முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியது. 1711இல் போப்புக்கு இருபத்து மூன்று வயதுகூட முடியவில்லை. விமரிசனக் கலையைப் பற்றி ஒரு செய்யுள் நூல் போடுகிறார். அதில், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னாலே ஏப்பியஸ் சிவந்துபோகிறான், 'ட்ரெமென்டஸ்' ஆக, அதாவது பயங்கரமாக, முறைக்கிறான் என்று ஒரு குத்து. ஏப்பியஸ் யார்? நாலு நாளில் நின்ற நாடகத்தின் பெயரில் இருப்பவன். 'ட்ரெமென்டஸ்' என்பது டென்னிஸ் வாய்க்கு வாய் சொல்கிற வார்த்தை. தோற்ற நாடகத்தின் பேரையே பட்டப்பெயராக வைப்பது எவ்வளவு கெட்ட புத்தி!

டென்னிஸ் மட்டும் என்ன சும்மா இருந்தாரா? அதே வருஷம் பதிலுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். போப்புக்குச் சின்ன வயதிலேயே முதுகெலும்பில் காசநோய் வந்து கூன் விழுந்தவர், உயரம் நாலரை அடி. அவரைக் கூன்முதுகுத் தேரை என்று எழுதினார். நான் டென்னிஸ் கட்சிதான், ஆனால் இந்த இடத்தில் அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். உடம்பை வைத்துப் பேசுகிறவர்களை நம் சேனலில் நான் எப்படித் தடை செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இருபது வருஷத்துக்கு மேல் இழுத்தது இந்தச் சண்டை. கடைசியில் டென்னிஸுக்குக் கண் போய்விட்டது, கையில் காசும் இல்லை. 1733 டிசம்பரில் அவருக்குப் பணம் திரட்ட ஹேமார்க்கெட் அரங்கில் ஒரு நாடகம் போட்டார்கள். அதற்கு முன்னுரைக் கவிதை எழுதிக் கொடுத்தது யார்? போப்! நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டே படித்தேன். கவிதைக்குள்ளே புகழுகிற மாதிரி ஊசி குத்தியிருக்கிறார். கண் தெரியாமல், கடனோடு உட்கார்ந்திருக்கிற கிழவரிடம் அதைக்கூட விட முடியவில்லை. அடுத்த மாதமே, 1734 ஜனவரியில், டென்னிஸ் போய்ச் சேர்ந்தார்.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். கேம்பிரிட்ஜ் என்று சொன்னேனே, அங்கேயே சக மாணவர் ஒருவரை வாளால் காயப்படுத்தி அபராதம் கட்டியவர் இவர். உதவித்தொகையும் போய், வேறு கல்லூரிக்கு மாறினார். அரங்கத்தில் எழுந்து கத்தியதோடு நிறுத்தினாரே என்று சந்தோஷப்படவேண்டியதுதான்.

சிலேடையும் ஆகாதாம் அவருக்கு. இப்படி மட்டமாகச் சிலேடை பேசுகிறவன் அடுத்தவன் ஜேப்பில் கைவிடவும் தயங்க மாட்டான் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. என் இரும்புக் கடை அண்ணனிடம் அவர் மாட்டியிருக்கவேண்டும்.

முடிக்கும் முன்னால் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. இதை அந்தச் சேனலில் சொல்லவே இல்லை, ஏனென்றால் படித்திருக்கவே மாட்டார்கள். 1704இல் டென்னிஸ் பிரெஞ்சுக்காரர்களைத் தாக்கி 'லிபர்ட்டி அசெர்ட்டட்' என்று ஒரு நாடகம் எழுதினார். அது நன்றாக ஓடியது. அவருக்கு அப்போதிருந்தே ஒரு பயம், பிரான்ஸ் ராஜா தன் மேல் கொலைவெறியில் இருக்கிறார் என்று. 1713இல் பிரான்ஸோடு சமாதான ஒப்பந்தம் வரப்போகிறது என்றதும், தன்னைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி அதில் ஒரு நிபந்தனை வைத்துவிடுவார்களோ என்று பதறி, தளபதி மார்ல்பரோ பிரபுவிடமே ஓடினாராம். பிரெஞ்சுப் படையைப் பிளென்ஹெய்மில் நொறுக்கியவர் அந்த மார்ல்பரோ. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "நான் எனக்கென்று எந்த ஏற்பாடும் செய்துகொள்ளவில்லை. இத்தனைக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கு நானும் கிட்டத்தட்ட மிஸ்டர் டென்னிஸ் அளவுக்குக் கெடுதல் செய்திருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்" என்றாராம்.

அந்தக் 'கிட்டத்தட்ட'வுக்கு ஒரு லைக் போடுங்கள். பேட்டரி சிவப்பில் போய்விட்டது, அக்கா வேறு மறுபடி மாடிப்படியில் வருகிற சத்தம் கேட்கிறது. அடுத்த தொடருக்கு ஓட்டெடுப்பு இந்தத் தடவை கிடையாது. தலைப்பை வீடியோவில்தான் சொல்வேன், முடிந்தால் திருடிப் பாருங்கள். வரட்டுமா.